தவணையில் கிடைக்காத பாதுகாப்பு

பள்ளிக்கூட நேரத்தில் மதுரை செல்லூர் 60 அடி ரோட்டில் கால் மணி நேரம் நின்றால் போதும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் பலகையில் நின்றபடி கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு யுகேஜி பிள்ளை போகும். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து, தூக்கம் தெளியாமல் மீட்டரில் தலை சாய்த்து இன்னொன்று. அப்பாவின் முதுகுக்கும் அம்மாவின் வயிற்றுக்கும் நடுவில் புத்தகப்பையோடு சேர்த்துச் செருகப்பட்ட மூன்றாவது. ஷேர் ஆட்டோவில் டிரைவர் சீட்டின் ஓரத்தில் ஒரு தொடையை மட்டும் வைத்து நாலாவது. கார் குறைவு. வந்தாலும் கைக்குழந்தை முன்சீட்டில் அம்மா மடியில்தான் இருக்கும்.

காருக்குள் குழந்தையைக் கட்டி உட்கார வைக்கும் தனி இருக்கை பற்றி உலகம் முழுக்க எழுதிக் குவித்திருக்கிறார்கள். செல்லூரில் அந்தப் பொருளைத் தேடினால் கிடைக்காது. ஆனால் வேறொரு குழந்தை சீட் உண்டு. ஸ்கூட்டரின் முன்பக்கம் மாட்டுகிற, மடக்கி வைக்கக்கூடிய சின்ன நாற்காலி. இரும்புக் குழாய், ரெக்சின் மெத்தை, முதுகுக்கு ஒரு சாய்மானம், சிலவற்றில் இடுப்புக்கு ஒரு நாடா. வண்டி உதிரிபாகக் கடைகளிலும் சாலையோரக் கடைகளிலும் தொங்கும். சில நூறு ரூபாய்தான் விலை. பிள்ளை கால் வலிக்காமல் உட்காரும், தூங்கினால் சரியாது, வேடிக்கை பார்த்துக்கொண்டே வரும். அப்பாவின் கண்ணெதிரிலேயே இருக்கும் என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய ஆறுதல். ஆனால் நேருக்கு நேர் மோதினால் முதலில் ஹேண்டில்பாரில் போய் இடிப்பது அந்தப் பிள்ளைதான், அதன் பின்னால் அப்பாவின் முழு எடை. அந்த நாற்காலி விபத்துக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

பணமில்லாத பெற்றோர் பாதுகாப்புக்குச் செலவழிப்பதில்லை என்று பேசுகிறவர்கள் இந்த நாற்காலியைக் கவனிக்க வேண்டும். அவர்கள் செலவழிக்கிறார்கள். தினமும் காலையில் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துக்கு, அதாவது பிள்ளை தூங்கி விழுந்துவிடும் என்ற பயத்துக்கு, கையில் இருப்பதற்குள் மருந்து வாங்குகிறார்கள். வராமலே போகக்கூடிய மோதலை நினைத்து ஒரு குழந்தை ஹெல்மெட்டுக்கு எண்ணூறு ரூபாய் எடுத்து வைப்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, பதினான்கு வயது நிரம்பாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான கட்டமைப்போ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். 129ஆம் பிரிவின்படி, நான்கு வயதுக்கு மேல் யாராக இருந்தாலும் இருசக்கர வாகனத்தில் ஹெல்மெட் கட்டாயம். நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்காக 2022 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தனி விதி கொண்டுவந்தது. ஓராண்டு கழித்து அது அமலுக்கு வந்தது. நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பெல்ட் வேண்டும், ஒன்பது மாதத்திலிருந்து தலைக்கு ஹெல்மெட் வேண்டும், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. அந்தப் பெல்ட் 30 கிலோ எடையைத் தாங்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது, எந்தத் துணியில் தைக்க வேண்டும் என்பது வரை விதியில் இருக்கிறது. யார் பணத்தில் வாங்குவது என்பது மட்டும் இல்லை.

128ஆம் பிரிவு ஒன்றும் இருக்கிறது. இருசக்கர வாகனத்தில் ஓட்டுநரைத் தவிர ஒருவர்தான் போகலாம். ஆகவே கணவன், மனைவி, கைக்குழந்தை என்ற மிகச் சாதாரணமான குடும்பம் ஒரே வண்டியில் ஏறியதுமே சட்டத்தை மீறியாகிவிட்டது. பெல்ட்டும் ஹெல்மெட்டும் வாங்கி மாட்டினாலும் மீறல் மீறல்தான். எப்படியும் தப்பு என்றான பிறகு, தப்பைப் பத்திரமாகச் செய்யக் காசு செலவழிக்க யாருக்கு மனம் வரும்?

மடியே பத்திரம் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரில் பத்துக் கிலோ குழந்தையை அம்மா இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர். எதிலோ மோதி அரை மீட்டருக்குள் எல்லாம் நிற்கிறது. அந்தக் கணத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 125 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது கிடையாது. கைக்குழந்தையின் உடல் நீளத்தில் கால் பங்கு தலையே என்பதால் உடம்புக்கு முன்னால் தலை பாயும். முறையாகப் பொருத்திய இருக்கை, காரில் போகும் கைக்குழந்தைகளின் மரண அபாயத்தை 71 விழுக்காடு வரை குறைக்கும் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறையின் மதிப்பீடு. இந்த அறிவியலில் பெரிய சர்ச்சை இல்லை.

இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் 9,528 பேர், நாளொன்றுக்கு 26 பிள்ளைகள். இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தை ஒட்டியிருக்கும் செல்லூர் தறி ஊர். கைத்தறியும் விசைத்தறியும் இன்னும் ஓடுகின்றன. உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி, வாரக் கடைசியில் கணக்கு. தறியை விட்டவர்கள் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். பெரும்பாலும் வாரக்கூலி அல்லது நாள்கூலி. 2024 அக்டோபர் கடைசியில் பெய்த மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் ஏறியது. குழித்தறிக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த வாரம் நெசவும் இல்லை, கூலியும் இல்லை.

வாரம் மூவாயிரம் ரூபாய் கைக்கு வரும் ஒரு வீட்டை உதாரணமாக வைத்துக்கொள்வோம். வாடகைக்கு ஒதுக்க வேண்டும். மகளிர் குழுக்கடன் தவணையைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மற்ற பெண்கள் முகத்தில் விழிக்க முடியாது. அடகில் இருக்கும் தோட்டுக்கு வட்டி, வண்டிக்கு டியூ, பெட்ரோல், போன் ரீசார்ஜ், பிள்ளையின் பள்ளி ஆட்டோவுக்கு மாதப்பணம். மளிகை, அதன் பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டர். இவை ஒவ்வொன்றுக்கும் கேட்டு வருகிற ஒரு ஆள் உண்டு, ஒரு தேதி உண்டு, தவறினால் அன்றைக்கே நேரும் ஒரு அவமானம் உண்டு. குழந்தைகள் ஹெல்மெட்டைக் கேட்டு யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை.

அதே வீடு அறுபதாயிரம், எண்பதாயிரம் ரூபாய் வண்டியைக் கடனில் எடுக்கிறது. பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ், சீட் கவர், கிராஷ் கார்டு எல்லாம் ஆன்-ரோடு விலையில் சேர்ந்து மாதத் தவணையாகக் கரைந்துவிடுகின்றன. புது வண்டியோடு தரமுத்திரை உள்ள ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. வருவது பெரியவர் தலைக்கு. குழந்தைக்கான ஹெல்மெட்டும் பெல்ட்டும் கடனில் சேராது, இனாமாகவும் வராது. அவற்றுக்கு மட்டும் மொத்தப் பணமும் ரொக்கமாக வேண்டும். பழைய வண்டியைக் கைமாற்றி வாங்குகிறவர்களை அந்த ஒரு ஹெல்மெட்கூட எட்டாது. குழந்தையின் தலையும் வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த வருடம் பொருந்தியது இரண்டு வருடத்தில் பொருந்தாது. கார் இருக்கை என்றால் விலை சில ஆயிரத்தில் தொடங்கி இருபதாயிரத்தைத் தாண்டிப் போகும். குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வாடகை வண்டி எடுத்து, அதிலும் எட்டுப் பேர் ஏறும் குடும்பத்துக்கு அதை எங்கே மாட்டுவது?

அபராதத்தையும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் என்பது கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் ஒரு மாதத் தொகை. சின்னப் பணம் இல்லை. ஆனால் பெரியவர் ஹெல்மெட் போடவில்லை என்றுதான் சிக்னலில் நிறுத்துகிறார்கள். பிள்ளையின் தலை காலியாக இருக்கிறது என்று நிறுத்துவது அபூர்வம். அதனால்தான் ஹெல்மெட் போட்ட அப்பாவும் வெறுந்தலைப் பிள்ளையுமாக இத்தனை வண்டிகள் போகின்றன. பார்க்கிறவர்களுக்கு இது சுயநலமாகத் தெரியும். உண்மையில் எங்கே அபராதம் உறுதியோ அங்கே பணம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

நெருக்கடியில் இருக்கும் மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்த, உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 ஊர்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாளிலும் அறுவடைக்குப் பின் பணம் வந்த நாளிலும் சோதித்தார்கள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். காசில்லாத நாளில் அதே மனிதர் கவனச் சோதனைகளில் குறைவாக மதிப்பெண் எடுத்தார். வறுமை மனதின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் வாதம். புள்ளியியல் முறையை வைத்து அந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. எனக்கென்னவோ, செல்லூர்க் கணக்கைப் புரிந்துகொள்ள மூளை வரைக்கும் போக வேண்டியதில்லை என்றே படுகிறது. பணம் எந்த நாளில் எவ்வளவு வருகிறது, எந்தப் பொருளுக்கு மொத்தமாகப் போக வேண்டியிருக்கிறது என்ற பொருத்தமின்மையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

விலையே தடுப்புச்சுவராகும் என்பதற்கு வலுவான சாட்சி கென்யாவில் இருக்கிறது. ஜெசிகா கோஹன், பாஸ்கலின் டுபாஸ் என்ற இரு பொருளியலாளர்கள் கர்ப்பிணிகளுக்கான மருந்து தோய்த்த கொசுவலையைச் சில மருத்துவ நிலையங்களில் இலவசமாகவும் சிலவற்றில் சிறு விலைக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான முடிவின்படி, அறுபது அமெரிக்க சென்ட் விலை வைத்ததும் வாங்குவோர் விகிதம் அறுபது புள்ளிகள் சரிந்தது. காசு கொடுத்து வாங்கினால்தான் மதிப்பார்கள், இலவசமாகக் கொடுத்தால் தூக்கிப் போடுவார்கள் என்ற பழைய பேச்சும் பொய்த்தது. இலவசமாகப் பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு பயன்படுத்தினார்கள். பேருந்தில், ரேஷன் கடையில், பள்ளியில் இலவசத்தின் பலனைக் கண்ணால் பார்த்த தமிழ்நாட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

ஆனால் அரசுகள் பிடித்தது அபராதத்தை. அது எங்கே போய் நிற்கும் என்பதைப் பக்கத்து மாநிலம் இரண்டு முறை காட்டிவிட்டது. கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கின. அம்மா, அப்பா, குழந்தை மூவரும் ஒரு ஸ்கூட்டரில் போவது உடனே பெரிய பிரச்சினையானது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மூன்றாவது ஆளாகக் கணக்கிடாமல் விலக்கு வேண்டும் என்று அங்கிருந்து கேட்டார்கள். சட்டத்தில் இடமில்லை என்று டெல்லி சொல்லிவிட்டது. கார் வாங்க வசதியில்லாத குடும்பத்தைத் தண்டிக்க முடியாது என்பது ஒரு பக்க நியாயம். மூன்றாவது ஆளாகப் போகும் குழந்தைதான் முதலில் தூக்கி எறியப்படும் என்பது இன்னொரு பக்க நியாயம். இரண்டும் உண்மை.

அடுத்து 2024 அக்டோபர். கேரளப் போக்குவரத்து ஆணையர் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம், டிசம்பர் முதல் அபராதம் என்று அறிவித்தார். சில நாட்களுக்குள் போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார், இப்போதைக்கு அபராதம் இல்லை என்று அதை நிறுத்தினார். கார் வைத்திருப்பவர்களிடமே இது எடுபடவில்லை என்றால், கார் இல்லாதவர்களிடம் அபராதத்தைக் காட்டி என்ன சாதிக்கப் போகிறோம்?

சந்தையே தீர்த்துவைக்கும் என்று நம்பியதும் நடந்தது. மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்து போன குடும்பத்தைப் பார்த்துத்தான் ஒரு லட்ச ரூபாய்க் கார் எண்ணம் வந்ததாக ரத்தன் டாடா சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரியில் நானோ அறிமுகமானது. 2014இல் குளோபல் என்கேப் நடத்திய மோதல் சோதனையில் அது, வேறு சில சின்னக் கார்களைப் போலவே, பூஜ்ய நட்சத்திரம் வாங்கியது. ஏழைக்கென்று விலையைக் குறைக்கும்போது எதைக் கழற்றுகிறார்கள் என்பதற்கு அந்த வண்டி சாட்சி. இப்போது பாரத் என்கேப் மதிப்பீட்டில் குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியாக 49 புள்ளிகள் வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். புதுக் கார் வாங்குகிறவர்களோடு அது நின்றுவிடும்.

பணக்கார நாட்டிலும் இந்தச் செலவு குடும்பத்தை வளைக்கிறது. அமெரிக்காவில் குழந்தை இருக்கையை முதலில் சட்டமாக்கியது டென்னசி மாநிலம், 1978இல். அந்தச் சட்டத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு விலக்கு சேர்த்திருந்தார்கள். 1981இல்தான் அதை நீக்கினார்கள். ஜோர்டன் நிக்கர்சன், டேவிட் சாலமன் இருவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் விசித்திரமானது. மூன்று குழந்தை இருக்கைகள் ஒரு சாதாரணக் காரின் பின்சீட்டில் அடங்குவதில்லை. பெரிய கார் வாங்க வேண்டும். அதனாலேயே சிலர் மூன்றாவது குழந்தையைத் தவிர்த்தார்கள். 2017இல் இந்தச் சட்டங்கள் 57 குழந்தைகளின் உயிரைக் காத்தன, ஏறக்குறைய 8,000 பிறப்புகளைக் குறைத்தன என்பது அவர்கள் மதிப்பீடு. எண்ணிக்கையோடு சண்டை போடலாம். ஒரு பாதுகாப்பு விதியின் விலை கடை ரசீதில் மட்டும் இருப்பதில்லை என்பதோடு சண்டை போட முடியாது.

செல்லூருக்கு நெருக்கமான முன்மாதிரி அமெரிக்கா அல்ல, வியட்நாம். அங்கேயும் ஊரே இருசக்கர வாகனத்தில்தான் போகிறது. 2007 டிசம்பர் 15 அன்று ஹெல்மெட் கட்டாயமானதும் பெரியவர்கள் ஒரே நாளில் மாறினார்கள். பிள்ளைகள் வெறுந்தலையோடு போவது தொடர்ந்தது. காரணம், அவர்களுக்காக அபராதம் போட வழியில்லை. ஹெல்மெட் பாரம் பிள்ளையின் கழுத்தைக் கெடுக்கும் என்ற பயமும் பரவியிருந்தது. 2010இல் ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்காகப் பெற்றோருக்கு அபராதம் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே ஏஐபி அறக்கட்டளை பள்ளிகளில் குழந்தைகள் ஹெல்மெட்டை இலவசமாகக் கொடுத்துவந்தது. வெப்ப நாட்டுக்கு ஏற்ற லேசான ஹெல்மெட்டைச் செய்யத் தனித் தொழிற்சாலையே அமைத்தது. நம் ஊர் வெயிலில் பிள்ளை ஹெல்மெட்டைக் கழற்றி எறிவதைப் பார்த்தவர்களுக்கு அந்த லேசான ஹெல்மெட்டின் அருமை தெரியும்.

தமிழ்நாடு விபத்துக்குப் பிறகு பணம் தருவதில் தாராளம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு லட்ச ரூபாய் வரை அரசே செலவை ஏற்றது. அருமையான திட்டம். அடிபடுவதற்கு முந்தைய எண்ணூறு ரூபாய்க்குத்தான் திட்டம் இல்லை.

ஆனால் அதற்கான வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. பேருந்தையே எடுத்துக்கொள்வோம். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022 முதல் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் இல்லை. இவற்றைப் பெண்களின் வருமானத்தோடு சேர்த்தே பேசுகிறோம். நான் இவற்றைக் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமாகவும் பார்க்கிறேன். கைக்குழந்தையோடு ஒரு தாய் பைக்கை விட்டு டவுன் பஸ்ஸில் ஏறினால், எந்த விலை உயர்ந்த இருக்கையும் தராத பாதுகாப்பு செலவில்லாமல் கிடைக்கிறது. அதற்குப் பஸ் வேண்டும். செல்லூரின் உள்தெருக்களுக்குப் பஸ் வராது. காலை எட்டிலிருந்து ஒன்பது மணிக்குள் பிள்ளையோடு ஏறி நிற்க இடமும் இருக்காது. போக்குவரத்துக் கழகம் பள்ளிகளோடு உட்கார்ந்து அந்த ஒரு மணி நேரத்தின் நடைகளைத் திருத்தினால் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஹெல்மெட்டே தேவைப்படாமல் போகும்.

மீதிப் பயணங்களுக்கு இன்னொரு வழி உண்டு. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 2015 முதல் பதினாறு பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் தரத் தொடங்கினார்கள்: துண்டு, சோப்பு, எண்ணெய், கொசுவலை, கிலுகிலுப்பை. பிறகு 102 தாய்சேய் ஊர்தியில் வீட்டில் கொண்டுவந்து விடுகிறார்கள், குழந்தை அதிலும் அம்மா மடியில்தான். விதியின்படி ஹெல்மெட் தொடங்கும் வயது ஒன்பது மாதம். தட்டம்மை–ரூபெல்லா முதல் ஊசி போடும் வயதும் அதுவே. நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குத் தாய் எப்படியும் வருகிற நாள் அது. மகப்பேறு உதவித் தொகையையும் தவணை தவணையாக, தடுப்பூசியோடு பிணைத்தே கொடுத்துப் பழகியிருக்கிறோம். எடை பார்க்கும் தராசும் சுகாதாரச் செவிலியரும் அங்கேயே உண்டு. பெல்ட்டை அந்த நாளில் கொடுத்து, மாட்டிக் காட்டி அனுப்பலாம். பிள்ளை வளர்ந்ததும் திருப்பி வாங்கித் துவைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஹெல்மெட்டில் அவ்வளவு எளிதில்லை. ஒரு வயதுகூட ஆகாத பிள்ளையின் கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்குமா என்ற சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவில் சைக்கிள் ஹெல்மெட்டைக்கூட ஒரு வயதுக்கு முன் போட வேண்டாம் என்கிறார்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் உள்ளிருக்கும் நுரை மறுபடி உதவாது, ஆகவே கைமாற்றித் தருவதில் சோதனை வேண்டும். ஹெல்மெட்டுக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி வேறு. எந்த அளவு, எத்தனை கிராம் எடை, எந்த வயதிலிருந்து என்பதைக் குழந்தை மருத்துவர்கள் முடிவு செய்து, இந்தியத் தர நிர்ணய அமைப்பு சின்னத் தலைகளுக்கென்று தனித் தரம் வகுத்தால்தான் அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ய டெண்டர் விட முடியும். பெல்ட்டுக்கு அந்தக் காத்திருப்பு தேவையில்லை. விதியில் அதன் துணி, எடை, தாங்கும் பலம் எல்லாம் 2022இலேயே எழுதியாகிவிட்டது. தைப்பதற்கு மதுரையிலேயே மகளிர் குழுக்கள் இருக்கின்றன.